பஸ்ஸுக்கு முந்திப் புறப்பட்ட மூட்டை

எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்கு மோட்டார் பஸ்ஸில் முதன்முதலாகப் போனவன் நான்தான். வேறு இரண்டு பேர் தாங்கள்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒருவர் நாங்குநேரியில் ஏறி, பாதி வழியில் வயிற்றைப் புரட்டி இறங்கிவிட்டவர். இன்னொருவர் ஏறவே இல்லை. நின்ற பஸ்ஸைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தவர். கடைசி நிறுத்தம்வரை போய், காரியத்தை முடித்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்தவன் நான் ஒருவன். ஆனால் அந்தக் காரியம் முடிந்தது என் சாமர்த்தியத்தால்தானா என்றால், அதை இந்த வயதில் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பன்னிரண்டு வயதில் நிலவாகை இலை மூட்டை சுமக்கப் போனேன். பேதிக்குக் கொடுக்கிற இலை அது. எங்கள் வானம்பார்த்த பூமியில் அதுதான் தைரியமாக முளைக்கும். அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனால் வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றுவான். சீமையில் துரைமார் வயிறு சுத்தமானதெல்லாம் என் தோளில் போன மூட்டையால்தான் என்று நான் சொல்வதுண்டு. இருபத்தைந்து வயதில் சொந்தமாக ஒரு வண்டி, ஒரு ஜோடிக் காளை. முப்பதில் மூன்று வண்டி. யாரும் கொடுத்ததில்லை. அப்பா போகும்போது எனக்கு விட்டுப் போனது ஒரு தங்கச்சியை மட்டும்தான்.

அந்தத் தங்கச்சியைப் பற்றியதுதான் இந்தக் கதை. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி நடந்தது.

அவளுக்கு இருபது முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய வயது. இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. ஒன்று, மாப்பிள்ளை வீட்டில் திடீர்ச் சாவு. மற்றது, என்ன காரணம் என்றே சொல்லவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று என் வீட்டுக்காரி வந்து சொல்வாள். தங்கச்சி மாடு, தொழுவம், அடுப்பு என்று ஓடிக்கொண்டே இருப்பாள். நின்றால் யாராவது எதையாவது கேட்டுவிடுவார்கள் என்கிற மாதிரி.

அப்போதுதான் திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் ரத வீதியில் ஜவுளிக்கடையில் இருந்தான். நல்ல குணம். அந்த வீட்டில் எல்லாம் அவனுடைய தாய்மாமன் சொன்னபடிதான் நடக்கும். அவருக்குக் கொழும்பில் கடை. ஒரு புதன்கிழமை சாயங்கால ரயிலில் தூத்துக்குடி போய்க் கப்பலேறுகிறார், திரும்ப ஒரு வருஷம் ஆகும். அதனால் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பெண்ணின் ஜாதகத்தை நேரில் கொண்டுவரவேண்டும், அவர் முன்னால் ஜோசியர் பார்ப்பார், பொருந்தினால் அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொள்வோம் என்று சொல்லியனுப்பினார்கள். பொருந்தாவிட்டாலோ வராவிட்டாலோ, இன்னொரு இடத்து ஜாதகமும் கைவசம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

தங்கச்சியின் ஜாதகம் ஒரே ஒரு ஓலை. பிறந்தபோது எழுதினது. எழுதினவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், எழுதச் சொன்ன அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நகல் எடுத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றினதில்லை. எழுத்து விஷயத்தில் என் புத்தி அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். எங்களுக்குத் திருநெல்வேலி நேர் வடக்கு. சூலத்துக்கு எதிராக நல்ல காரியத்துக்குப் போகலாமா? அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்போம். போகவேண்டிய நாள் சரியில்லையென்றால், அதற்கு முந்தி ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயண மூட்டையை மட்டும் போகிற திசையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பிரயாணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு என்றைக்குப் போனாலும் போகிற வழியில் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். மூட்டை மட்டும் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.

வழக்கமாக ஒரு வேட்டி, ஒரு பிடி அரிசி, வெற்றிலை பாக்கு, இவ்வளவுதான் வைப்பார்கள். நான் யோசித்தேன். இங்கே பிரயாணம் போகிறது யார்? நானா, ஜாதகமா? ஜாதகம்தான். அப்படியென்றால் நல்ல நேரத்தில் புறப்படவேண்டியது அதுதானே? ஓலையை மஞ்சள் துணியில் சுற்றி மூட்டைக்குள் வைத்தேன்.

என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். "இந்தாருங்க, அதை எதுக்கு அதுல வைக்கீங்க? மடியில வச்சுக்கிட்டுப் போனா போதாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல நேரம் யாருக்கு வேணும், எனக்கா, ஓலைக்கா?"

"அப்ப நீங்க வீட்டுலயே இருங்க. ஓலை தானா நடந்து போகட்டும்."

திங்கட்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து வண்டி பூட்டி, மூன்றடைப்புக்குப் பக்கத்தில் சாலையோரமாக இருந்த என் சித்தப்பா வீட்டில் மூட்டையைக் கொண்டுபோய் வைத்தேன். சொந்தச் சித்தப்பா இல்லை, அப்பாவுக்குப் பங்காளி. எழுபதை எட்டின ஆள். சாலையில் மோட்டார் போனால் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். நான் பரஸ்தானம் வைக்கிறதெல்லாம் எப்போதும் அவர் வீட்டில்தான்.

"ஏலே, புதன்கிழமை வண்டியிலதான வாறே?" என்று கேட்டார்.

"இல்ல சித்தப்பா. பஸ்ஸுல. வாசல்ல மூட்டையோட நில்லுங்க, வாங்கிட்டுப் போயிருதேன்."

"அந்தப் பேய் வண்டியிலயா?"

"டவுன்காரங்க வீடு. மாட்டு வண்டியில போய் எறங்கினா பட்டிக்காட்டான்னு நெனைப்பாவ."

"நீ என்ன பட்டணத்தானா?" என்றார். பிறகு, மூட்டையை வாங்கி உறியில் வைத்துவிட்டு, "நிக்கேன் லே. என்னால நிக்க முடியும்" என்றார்.

என்னுடைய தவறு எங்கே என்று இப்போது படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக அந்தச் சாலையில் வண்டி அடித்தவன் நான். சித்தப்பா வீட்டு வாசல் வந்தால் என் காளைகள் தாமாகவே நின்றுவிடும். கயிற்றை இழுக்கவே வேண்டாம். தூங்கிக்கொண்டு போனாலும் நின்று, தலையை ஆட்டி, மணியடித்து எழுப்பும். வண்டி என்றால் அந்த வாசலில் நிற்கும் என்பது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. பஸ் நிற்காமல் போகும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரிக்கும் தோன்றவில்லை, அதை மட்டும் இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் நாங்குநேரியில் பெருமாள் கோயில் பக்கம் நின்ற பஸ்ஸுக்குப் போனோம். வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால். பரஸ்தானம் வைத்த பிறகு அது தேவையில்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று ஆளுக்கு ஒரு செம்பு பால் குடித்தோம். நான் புதுக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, நடந்தால் சத்தம் போடுகிற செருப்பு. என் வீட்டுக்காரி கூறைப் பட்டு. அவள் அதுவரை திருநெல்வேலியைப் பார்த்ததில்லை. நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் பாடுகிற தூண் இருக்கிறதாமே, அதைக் காட்டுவீர்களா என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஊரில் தெரியாத சந்து கிடையாது என்று சொல்லியிருந்தேன். உண்மையில் நான் டவுனுக்குள் போனது நாலே நாலு தடவை, அதுவும் இலை மூட்டையோடு.

பஸ் என்றால் இப்போதுள்ள பஸ்ஸை நினைக்கவேண்டாம். கட்டை ரப்பர்ச் சக்கரம். மேலே கித்தான் கூரை. குறுக்கே நாலு பலகை. முன்பக்கம் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி ஒருவன் சுற்றவேண்டும். அவனுக்கு வேர்த்துக் கொட்டின பிறகு, வண்டிக்கு இரக்கம் வந்தால் கிளம்பும். எங்கள் பலகையில் ஒரு காயல்பட்டினத்து வியாபாரி உட்கார்ந்திருந்தார். கோட்டாறு போய்விட்டுத் திரும்புகிறவர். இந்த பஸ்ஸில் அது அவருக்கு ஏழாவது பயணமாம். அதைக் கேட்டதும் எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்கவில்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. மரங்கள் பின்னால் ஓடின. என் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள், பிறகு சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இந்தாருங்க, அங்கன பாருங்க, சித்தப்பா நிக்காவ" என்றாள்.

சாலையோரத்தில் சித்தப்பா நின்றார். குளித்து, திருநீறு பூசி, மூட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமிக்குப் படைக்கிற மாதிரி. நான் எழுந்து கையை நீட்டினேன். பஸ் அவரைத் தாண்டிப் போனது. என் விரலுக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்திருக்கும். அவர் வாய் திறந்தபடியே சின்னதாகிக்கொண்டு போனார். மேலே தூசி வந்து மூடிவிட்டது.

"நிப்பாட்டும், நிப்பாட்டும்வே" என்று கத்தினேன்.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏத்தம் வருது. இங்கன நிப்பாட்டினா வண்டி கெளம்பாது. குளத்தடியில தண்ணி ஊத்த நிக்கும், அங்கன எறங்கும்."

"என் தங்கச்சி வாழ்க்கை அந்த மூட்டையில இருக்குவே."

"பின்னே அதை ஏன் ரோட்டுல விட்டீரு?"

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பரஸ்தானத்தைப் பற்றிச் சொன்னேன். காயல்பட்டினத்து வியாபாரி தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்ப அண்ணாச்சி, மூட்டை முந்தாநாளே பொறப்பட்டாச்சு. ஆளு இன்னைக்குத்தான் பொறப்பட்டீரு. இப்ப ஆளு முன்னால போறீரு, மூட்டை பின்னால நிக்குது. இதுல யாருக்கு நல்ல நேரம்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மைல் தாண்டிக் குளத்தடியில் பஸ் நின்றது. ஆவி வருகிற மூக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். எவ்வளவு நேரம் நிற்பீர் என்று கேட்டேன். தண்ணீர் ஊற்றினதும் கிளம்பிவிடுவேன், யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன் என்றார் டிரைவர்.

என் வீட்டுக்காரி சொன்னாள்: "நீங்க எறங்கித் திரும்பி ஓடுங்க. நான் இதுலயே டவுனுக்குப் போயிருதேன்."

"நீ தனியாவா? உனக்கு ஊரு தெரியாதே."

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்கும் தெரியும்" என்றாள். அதற்குள்ளேயே அவளுக்கு என்னைப் பற்றிச் சில விஷயங்கள் விளங்கியிருந்தன. "பன்னெண்டு மணி வரைக்கும் அவுகளை நான் உக்கார வச்சிருதேன். நம்ம வீட்டாளு ஒருத்தராவது அங்கன இருக்கணும். யாரும் வராம இருந்தாத்தான் அடுத்த ஜாதகத்தை எடுப்பாவ."

வியாபாரி கையைத் தூக்கினார். "இந்த பஸ்ஸு பாளையங்கோட்டையோட நின்னுரும். இந்தத் தங்கச்சியை அங்கன டவுன் பஸ்ஸுல ஏத்தி விடுறது என் பொறுப்பு. அண்ணாச்சி, அந்தக் கோட்டைக் கழட்டிக்கிட்டு ஓடும்."

நான் கோட்டைக் கழற்றவில்லை. செருப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். மூட்டை சுமந்த கால் அது, வாலிப வயதில் பத்து மைல் சுமையோடு நடந்த கால். ஆனால் இரண்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து ஆளை ஏவிக்கொண்டிருந்தவன். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி காலையில் வாசலில் நின்று எங்களை அனுப்பினது ஞாபகம் வந்தது. என் கோட்டில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். மறுபடி ஓடினேன்.

சித்தப்பா வீட்டு வாசலில் சித்தி மட்டும் நின்றாள். என்னைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏய்யா, நீ எதுக்கு இங்கன வந்தே? அவுக உன் பின்னாலயே வண்டியைப் பூட்டிக்கிட்டுப் போயிட்டாவளே."

"எங்க?"

"குளத்துக்கரை வழியா. பஸ்ஸு தண்ணிக்கு நிக்குமாம்லா, குறுக்க போய்ப் பிடிச்சிருவேன்னு சொல்லிட்டுப் போனாவ."

சாலை அந்த இடத்தில் குளத்தைச் சுற்றி வளைந்து போகும். கரை வழி நேர் வழி. நான் வளைவில் ஓடி வந்தபோது அவர் நேரே போயிருக்கிறார். ஒரே குளத்தின் இரண்டு பக்கமும் இரண்டு முட்டாள்கள். மாட்டு வண்டி பஸ்ஸைப் பிடிக்குமா? அது இந்நேரம் கிளம்பிப் போயிருக்கும். கிழவர் நடுவழியில் மூட்டையோடு நிற்பார், நான் இங்கே மூட்டை இல்லாமல் நிற்கிறேன், என் வீட்டுக்காரி தெரியாத ஊரில் தெரியாதவர்கள் முன்னால் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கப் போகிறாள். சித்தி கொடுத்த நீச்சத்தண்ணியைக் குடித்துவிட்டு சாலைக்கு வந்தேன்.

அந்தத் தடத்தில் இரண்டு முதலாளிகளின் பஸ் ஓடியது. இரண்டாவது பஸ் ஒரு மணி நேரம் கழித்து வரும். முதல் பஸ் விட்டுவிட்டுப் போன ஆளையெல்லாம் அள்ளுவதுதான் அதற்குப் பிழைப்பு. நான் கையைத் தூக்குவதற்குள் நின்றது. ஒரு ஆட்டுக்குட்டி சாலையோரம் நின்றாலும் நிற்கும் போலிருந்தது. இதில் ஏறியிருந்தால் சித்தப்பா வாசலில் நின்றிருக்கும், இந்தத் துன்பமே இல்லை. ஆனால் இது பழைய வண்டி, கித்தானில் ஓட்டை. கௌரவத்துக்காக நான்தான் புது வண்டியில் ஏறினேன்.

குளத்தடி வந்ததும் எட்டிப் பார்த்தேன். முதல் பஸ் இல்லை. சித்தப்பா வண்டியும் இல்லை. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்பதற்குள் அடுத்த ஆளைப் பார்த்து பஸ் ஓடிவிட்டது. பாளையங்கோட்டை வரை ஒவ்வொரு மாட்டு வண்டியாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாக் கிழவர்களும் சித்தப்பா மாதிரியே இருந்தார்கள். கிட்டப் போனால் அவர் இல்லை.

பாளையங்கோட்டையில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கீழே தாமிரபரணி நிறையத் தண்ணீர். படித்துறையில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கவலையும் இல்லாமல் முங்கி முங்கி எழுந்த அவர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வாகையடி முக்கில் இறங்கும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. நாலு ரத வீதியும் எனக்கு ஒன்றுபோல் இருந்தன. வழி கேட்டேன். எனக்குத் தெரியாத சந்து கிடையாது என்று சொன்னவன், மூன்று பேரிடம் வழி கேட்டேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் கட்டிக்கொண்டே போனேன். காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். நான் யார் காலிலும் விழுந்தவன் இல்லை.

அந்த வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. டவுன்காரர்களின் நல்ல செருப்புகள். கடைசியில் தனியாக ஒரு ஜோடி, படகு மாதிரி. ஒன்றின் வார் அறுந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை சித்தப்பா என் கண் முன்னால் போட்ட முடிச்சு. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே யாரோ ராகம் போட்டு ஓலையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க நெஞ்சில் ஏறியிருந்த கல் ஒவ்வொன்றாக இறங்கினது. என்ன வாசிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. வாசிக்கிறார்கள், அது போதும்.

பைய உள்ளே போனேன். சித்தப்பா தாய்மாமனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தூணோரமாக என் வீட்டுக்காரி. என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்று கண்ணால் சொன்னாள். ஜோசியர் ஓலையை வைத்துவிட்டு, பொருந்தியிருக்கிறது, தாராளமாகச் செய்யலாம் என்றார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெற்றிலைத் தட்டு மாறினது. தட்டை வாங்கும்போது ஒரு பாக்கு உருண்டு போய்விட்டது. தாய்மாமனே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"ஓலை முந்தி வந்துட்டு. அண்ணாச்சி பிந்தி வாறீங்களே" என்றார்.

நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன். "எங்க பக்கம் அப்படித்தான். பரஸ்தானம் வச்சா மூட்டையை முந்தி அனுப்பிச்சிருவோம். ஆளு பின்னால வருவோம்."

"ஆமா, இவன் ரொம்ப முறை பார்ப்பான்" என்றார் சித்தப்பா, வெற்றிலைச் சாற்றை அடக்கிக்கொண்டு.

நடந்தது இதுதான். டிரைவர் எனக்குச் சொன்ன மாதிரியே, நின்ற பஸ் கிளம்பவில்லை. நான் ஓடின பிறகு கம்பியைச் சுற்றிச் சுற்றி மூன்று பேர் ஓய்ந்துபோனார்களாம். கடைசியில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். சத்தம் பிடித்துக் கிளம்புகிற நேரத்தில் குளத்துக்கரையில் ஒரு மாட்டு வண்டி தலைதெறிக்க வருகிறதை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். மறுபடி நிறுத்தினால் கிளம்பாது என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். அவள் இறங்கிப் போய் பஸ்ஸுக்கு முன்னால், கூறைப் பட்டோடு, சாலை நடுவில் நின்றுவிட்டாள். "ஏத்திட்டுப் போங்க, இல்லை என்மேல ஏத்திட்டுப் போங்க" என்றாளாம். வியாபாரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

சித்தப்பா மூட்டையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நான் தனியாப் போய் என்ன பேசுவேன், ஆம்பளை ஒருத்தர் வேணும், ஏறுங்க மாமா" என்றாள். மோட்டாருக்கு முதுகைக் காட்டி நின்ற மனுஷன் ஏறினார். காளைகளை என்ன செய்வது? வண்டியைத் திருப்பி நிறுத்தி, முதுகில் ஒரு தட்டு தட்டி, "வீட்டுக்குப் போங்கலே" என்று சொல்லிவிட்டு ஏறினாராம்.

சாப்பிட்ட பிறகு, தாய்மாமன் ரயிலுக்குப் புறப்படுவதற்கு முன்னால், நாங்கள் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். கருங்கல் தூண் ஒவ்வொன்றையும் என் வீட்டுக்காரி விரலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். ஒன்று மணி மாதிரி, ஒன்று தண்ணீர்ப் பானை மாதிரி. சித்தப்பா குச்சியால் ஓங்கித் தட்டப்போய்க் காவல்காரனிடம் வசவு வாங்கினார். தாமிர சபையைப் பார்த்தோம். ஓலைக் கூரைக்குள் நின்ற பெரிய தேரைச் சுற்றி வந்தோம். அதன் சக்கரம் என் உயரத்துக்கு மேலே இருந்தது. "இதுக்கும் கம்பியைச் சுத்தணுமோ?" என்று கேட்டார் சித்தப்பா. எந்தத் தெரு எங்கே போகிறது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. காலையில் வந்த வழி ஞாபகம் இருக்கிறது என்று அவளே முன்னால் நடந்தாள். நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் பின்னால் போனோம். எனக்கு அது சுகமாகவே இருந்தது. நான் யாருக்கும் எதையும் காட்டவேண்டிய வேலை அன்றைக்கு மிச்சமில்லை.

திரும்பும்போது அதே பஸ், அதே டிரைவர். சித்தப்பா வாசல் நெருங்கும்போது நான் பார்த்தேன். வாசலில் காளைகள் வண்டியோடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன, யாரும் பிடிக்காமலே. சித்தி அவிழ்த்துவிடக்கூட இல்லை. அவை வெறும் வண்டியோடு வந்து நின்றதைப் பார்த்துப் பயந்து, வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் நிறுத்தினார். சொல்லாமலே நிறுத்தினார். என் வீட்டுக்காரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்கன நிப்பாட்டலைன்னா அம்மா எறங்கி முன்னால நின்னுருவாவ" என்றார். பிறகு கம்பியைச் சுற்ற எல்லோரும் இறங்கினோம். நான் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் கிளம்பிவிட்டது. அதை மட்டும் என் சாமர்த்தியம் என்றே சொல்வேன்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாயும் நேரம். தங்கச்சி தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"பஸ்ஸு எப்படி இருந்துச்சு அண்ணே?" என்றாள்.

அவள் கேட்க வந்தது அது இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. பெரிதாக ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். எப்படிப் போனேன், என்ன பேசினேன் என்றெல்லாம் வழி முழுக்கக் கோத்து வைத்திருந்தேன்.

"பொருந்தியிருக்கும்மா. வெத்தலை மாத்தியாச்சு" என்றேன்.

தலையை ஆட்டினாள். உள்ளே போகவில்லை, அழவுமில்லை. கிணற்றடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ராட்டினச் சத்தம் கேட்டது. ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று வாளி. மாடு குடித்தாகிவிட்டது, தொட்டி நிறைந்து வழிந்து என் கால்வரை தண்ணீர் ஓடி வந்தது. அவள் இறைத்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல நான் எழுந்தேன்.

"விடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "இறைக்கட்டும்."